விளம்பர ரிப்போர்ட்டில் 36 விற்பனை, அனலிட்டிக்ஸில் 21: எந்தக் கணக்கை எடுத்துக்கொள்வது?

வெண்பலகை:

வணக்கம். ஆன்லைனில் ஒரே ஒரு பொருளை விற்க, மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) 30 நாள் விளம்பரம் ஓடி முடிந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே தருகிறேன். நாணயம் எதுவானாலும் விகிதம் மாறாது என்பதால் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.

செலவு 6,000. இம்ப்ரெஷன் (விளம்பரம் காட்டப்பட்ட தடவை) 1,20,000. ரீச் (பார்த்த ஆட்கள்) 40,000. ஃப்ரீக்வென்சி 3. மொத்தக் கிளிக் 2,400. லிங்க் கிளிக் 1,200. லேண்டிங் பேஜ் வியூ (தட்டியபின் தளத்தின் பக்கம் திறந்தது) 900. பர்சேஸ் 36, அதன் மதிப்பு 21,600. ரோஆஸ் 3.6.

அதே 30 நாளுக்கு, தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தால், இந்த விளம்பரத்தின் வழியாக வந்த செஷன் (வருகை) 860, விற்பனை 21, மதிப்பு 12,600.

பொருளின் மார்ஜின் 40 சதவீதம். அடக்கவிலை, பேக்கிங், அனுப்பும் செலவு எல்லாம் போக மிஞ்சுவது அது.

சிபிஎம், சிடிஆர், சிபிசி, சிபிஏ என்று சொல்வதையெல்லாம் இந்த எண்களில் எப்படிக் கணக்கிடுவது? ஒரே விளம்பரத்துக்கு இரண்டு விற்பனைக் கணக்கு ஏன்? கடைசியில் இது லாபமா, நட்டமா?

---

எண்ணும்எழுத்தும்:

முழு எண்களையும் கொடுத்தது நல்லதாயிற்று. இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் வகுத்தல் கணக்குதான். எதை எதால் வகுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால் சொல் பிடிபட்டுவிடும்.

சிபிஎம் என்பது ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு ஆன செலவு. அந்த 'எம்' மில்லியன் அல்ல; லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் மில்லே. 6,000 ÷ 120, அதாவது 50.

சிடிஆர், பார்த்ததில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது என்பது. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மெட்டாவின் மொத்தக் கிளிக்கில் லைக், கமென்ட், 'மேலும் படிக்க'வைத் தட்டியது, பக்கத்தின் பெயரைத் தட்டியது எல்லாம் சேரும். அதை வைத்தால் 2,400 ÷ 1,20,000 = 2 சதவீதம். உங்கள் தளத்துக்குப் போகும் லிங்க்கைத் தட்டியது மட்டும் என்றால் 1,200 ÷ 1,20,000 = 1 சதவீதம். விற்பனைக்கு ஓடும் விளம்பரத்தில் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். சிபிசியும், அதாவது ஒரு கிளிக்குக்கு ஆன செலவும், அப்படியே: மொத்தக் கிளிக்குக்கு 2.50, லிங்க் கிளிக்குக்கு 5. "சிபிசி 2.50தான் வருகிறது" என்று யாராவது சொன்னால், எந்தக் கிளிக் என்று முதலில் கேளுங்கள்.

சிபிஎம்மும் சிடிஆரும் சேர்ந்ததுதான் சிபிசி. சிபிஎம்மை ஆயிரத்தால் வகுத்து, மறுபடி சிடிஆரால் வகுத்தால் அது வந்துவிடும்: 50 ÷ 1000 ÷ 0.01 = 5. இந்த உறவு தெரிந்திருந்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம். சிபிசி ஏறியிருக்கிறதா? சிபிஎம் ஏறியதால் என்றால் விளம்பர இடத்துக்கான ஏலத்தில் போட்டி கூடியிருக்கிறது, அல்லது ஆடியன்ஸை, அதாவது விளம்பரம் காட்டும் கூட்டத்தை, குறுக்கிவிட்டீர்கள். சிபிஎம் அப்படியே இருந்து சிடிஆர் இறங்கியிருந்தால் படமோ வாசகமோ சலித்துவிட்டது. முன்னதுக்குப் புதுப் படம் போட்டுப் பயனில்லை. பின்னதுக்கு ஏலத்தொகையை மாற்றிப் பயனில்லை.

சிபிஏ, ஒரு விற்பனைக்கு ஆன விளம்பரச் செலவு. மெட்டா கணக்கில் 6,000 ÷ 36 = 166.67. அனலிட்டிக்ஸ் கணக்கில் 6,000 ÷ 21 = 285.71. உங்கள் சராசரி ஆர்டர் 600, மார்ஜின் 40 சதவீதம் என்பதால் ஓர் ஆர்டரில் கையில் நிற்பது 240. சிபிஏ 240ஐத் தாண்டினால் நட்டம்.

ரோஆஸ் லாபத்தைக் காட்டாது. வந்த விற்பனைத் தொகையை விளம்பரச் செலவால் வகுப்பது மட்டுமே அது. 3.6 என்றதும் போட்ட பணம் மூன்றரை மடங்காகத் திரும்பியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கையைக் கடிக்காத ரோஆஸ் எவ்வளவு என்று அறிய 1ஐ மார்ஜினால் வகுங்கள்: 1 ÷ 0.40 = 2.5. மெட்டா சொல்லும் 3.6 அதற்கு மேலே. அனலிட்டிக்ஸ்படி 12,600 ÷ 6,000 = 2.1, கீழே. 36 விற்பனை என்றால் 2,640 லாபம். 21 என்றால் 960 நட்டம். எது சரி என்பதை அட்ரிப்யூஷன் தெரிந்த யாராவது விளக்கினால் நல்லது.

---

கீற்று:

விளக்குகிறேன். ஒரு விற்பனை நடந்தால், அதை யார் கணக்கில் எழுதுவது என்ற விதிதான் அட்ரிப்யூஷன். இரண்டு இடத்திலும் விதி வேறு. அதனால் விடையும் வேறு.

மெட்டாவின் வழக்கமான அமைப்பு: கிளிக் செய்து 7 நாளுக்குள், அல்லது கிளிக்கே செய்யாமல் விளம்பரத்தைப் பார்த்து 1 நாளுக்குள் வாங்கினால், விற்பனை விளம்பரத்தின் பெயரில். இந்தக் கெடுவுக்கு அட்ரிப்யூஷன் விண்டோ என்று பெயர். பார்த்ததற்காக மட்டும் எழுதப்படுவது வியூ த்ரூ கன்வெர்ஷன். அனலிட்டிக்ஸுக்கு மெட்டாவில் யார் எதைப் பார்த்தார்கள் என்பதே தெரியாது. அதனால் இந்த வகை விற்பனை அங்கே விளம்பரத்தின் பெயரில் ஒன்றுகூட வராது.

கிளிக்கிலும் வித்தியாசம் உண்டு. ஒருவர் திங்களன்று விளம்பரத்தைத் தட்டிப் பார்க்கிறார். வியாழனன்று கூகுளில் தேடி வந்து வாங்குகிறார். மெட்டா அதைத் தன் விற்பனை என்கிறது. அனலிட்டிக்ஸின் டிராஃபிக் அக்விசிஷன் ரிப்போர்ட்டில் அது கூகுள் தேடலின் விற்பனை. இன்னொன்று, ஆப்புக்குள் தட்டினால் ஆப்பின் உள்பிரவுசரில் பக்கம் திறக்கும். பிறகு அவர் போனின் வழக்கமான பிரவுசரில் வந்து வாங்கினால் குக்கீ (ஆளை அடையாளம் காணப் பிரவுசரில் வைக்கும் சிறு பதிவு) வேறு. அனலிட்டிக்ஸுக்கு அவர் புது ஆள், 'டைரக்ட்' என்று பதிவாவார்.

தேதியும் மாறும். அனலிட்டிக்ஸ் வாங்கிய நாளில் எழுதும். மெட்டா விளம்பரம் பட்ட நாளில் எழுதும். ஆகவே விளம்பரத்தை நிறுத்திய பிறகும் ஒரு வாரத்துக்கு மெட்டாவின் எண் ஏறலாம். நேற்று முடிந்த விளம்பரத்தை இன்று தீர்ப்பெழுத வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜரில் நெடுவரிசை (காலம்ஸ்) அமைப்புக்குள் போய், அட்ரிப்யூஷனை ஒப்பிடும் வசதியில் '7 நாள் கிளிக்', '1 நாள் வியூ' இரண்டையும் டிக் செய்யுங்கள். 36 இரண்டாகப் பிரிந்து தெரியும்.

அதற்கும் முன்னால், 36 உண்மையிலேயே 36தானா என்று பாருங்கள். பிக்சலும் (பிரவுசரிலிருந்து மெட்டாவுக்கு விற்பனையைச் சொல்லும் நிரல்) கன்வெர்ஷன்ஸ் ஏபிஐயும் (அதையே சர்வரிலிருந்து சொல்லும் வழி) சேர்ந்து ஓடினால், ஒரே விற்பனைக்கு இரண்டு வழியிலும் ஒரே இவென்ட் பெயரும் ஒரே இவென்ட் ஐடியும் போக வேண்டும். ஐடி விட்டுப்போனால் ஒரு விற்பனை இரண்டாகப் பதியும். 'நன்றி' பக்கத்தை ஒருவர் ரீஃப்ரெஷ் செய்தாலே பர்சேஸ் மறுபடி பறக்கும் தளங்களும் உண்டு. ஒரு சோதனை ஆர்டர் போட்டு, இவென்ட்ஸ் மேனேஜரில் எத்தனை விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். அனலிட்டிக்ஸுக்கு ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி டிரான்ஸாக்‌ஷன் ஐடி அனுப்புங்கள்; அப்போதுதான் இரட்டைப் பதிவு அங்கே கழியும்.

---

சொடுக்கி:

மேலே இருவரும் தொடாத ஒன்று: 1,200 லிங்க் கிளிக்கில் 900தான் லேண்டிங் பேஜ் வியூ. 300 பேர் தட்டிவிட்டுப் பக்கம் திறக்கும்முன் போய்விட்டார்கள், அல்லது குக்கீ அனுமதிப் பெட்டி பிக்சலைத் தடுத்திருக்கிறது. கால்வாசிக் கிளிக் வீண் என்றால், முதலில் மொபைல் டேட்டாவில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மேலே நிற்கும் பெரிய படமும், ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்ட டிராக்கிங் நிரல்களும்தான் பெரும்பாலும் காரணம். கிளிக் விலை 5 என்கிறீர்கள்; வந்து சேர்ந்த ஆளுக்கு 6.67 கொடுத்திருக்கிறீர்கள்.

ஃப்ரீக்வென்சி 3 என்பது சராசரி. இம்ப்ரெஷனை ரீச்சால் வகுத்தது, அவ்வளவே. 20,000 பேர் ஒரு தடவையும் மற்ற 20,000 பேர் ஐந்து தடவையும் பார்த்தாலும் இதே 3தான் வரும். அதனால் ரீமார்க்கெட்டிங் ஆடியன்ஸுக்கு ஓடியதைத் தனியே பிரித்துப் பாருங்கள். தளத்துக்கு ஏற்கெனவே வந்தவர்களிடமே திரும்பத் திரும்பக் காட்டுவது அது. ஆடியன்ஸ் சிறியது என்பதால் அங்கேதான் தடவை எகிறும்.

ரீச்சைக் கூட்டக் கூடாது. நேற்று பார்த்தவரே இன்றும் பார்த்திருப்பார். 30 நாளின் தினசரி ரீச்சை எக்செல்லில் கூட்டினால் 40,000ஐத் தாண்டிவிடும். சிடிஆருக்கும் சராசரி எடுக்கக் கூடாது. ஒரு விளம்பரம் 1,00,000 இம்ப்ரெஷனில் 0.8 சதவீதம், இன்னொன்று 20,000 இம்ப்ரெஷனில் 2 சதவீதம் என்று வையுங்கள். சராசரி 1.4 என்று எழுதுவார்கள். கிளிக்கைக் கூட்டினால் 800 + 400 = 1,200; மொத்த இம்ப்ரெஷனால் வகுத்தால் 1 சதவீதம்தான்.

இம்ப்ரெஷன் என்ற சொல்லும் இடத்துக்கு இடம் மாறும். டிஸ்பிளே விளம்பரம் (பிற தளங்களில் வரும் பேனர்) வாங்கினால் வியூவபிள் இம்ப்ரெஷனா என்று கேளுங்கள். எம்ஆர்சி (ஊடக அளவீட்டுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) அளவுகோல்படி பேனரின் 50 சதவீதத் திரைப்புள்ளிகளாவது தொடர்ந்து 1 வினாடி திரையில் தெரிந்திருக்க வேண்டும். வீடியோவுக்கு 2 வினாடி. அதைச் சொல்லாமல் விற்கும் இம்ப்ரெஷன் பக்கத்தின் அடியில், யாரும் கீழே இறங்கிப் பார்க்காத இடத்தில் விழுந்ததாகவும் இருக்கலாம்.

பவுன்ஸ் ரேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கட்டுரைகளில் ஒரே பக்கம் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்று இருக்கும். இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸான ஜிஏ4இல் அது பொருந்தாது. 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, கீ இவென்ட் (விற்பனை போல நீங்கள் முக்கியம் என்று குறித்த செயல்) ஒன்று நடந்தாலோ அது ஈடுபாடுள்ள செஷன், மீதிதான் பவுன்ஸ். 2023 ஜூலைக்கு முன் பழைய அனலிட்டிக்ஸில் எடுத்த பவுன்ஸ் ரேட்டை இப்போதையதோடு ஒப்பிட்டு, பக்கம் தேறிவிட்டது என்று முடிவுக்கு வராதீர்கள். கீ இவென்ட் என்ற பெயரும் 2024 மார்ச்சில் வந்ததுதான்; அதற்குமுன் அங்கேயும் கன்வெர்ஷன் என்றே இருந்தது.

---

வெண்பலகை:

மூவருக்கும் நன்றி. பிரித்துப் பார்த்தேன்: கிளிக் 25, வியூ 11. சோதனை ஆர்டர் ஒன்றாகத்தான் விழுந்தது, இரட்டிப்பு இல்லை. 25ஐ வைத்தால் 15,000. ரோஆஸ் சரியாக 2.5. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அப்படியானால் அந்த 11ஐத் தள்ளிவிடலாமா? அடுத்து கூகுள் தேடல் விளம்பரமும் தொடங்கப்போகிறேன். இதே குழப்பம் அங்கேயும் வராமலிருக்க என்ன செய்வது?

---

கீற்று:

முழுவதும் தள்ளவும் வேண்டாம், முழுவதும் சேர்க்கவும் வேண்டாம். அந்த 11 பேரில் சிலர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வாங்கியிருப்பார்கள். ரீமார்க்கெட்டிங்கில் இது அதிகம்: கூடையில் பொருளைப் போட்டுவிட்டு, நாளைக்கு வாங்கலாம் என்றிருப்பவர் கண்ணில் விளம்பரம் பட்டாலே மெட்டா தன் கணக்கில் எழுதிவிடும். 11இல் எத்தனை ரீமார்க்கெட்டிங் ஆட் செட்டில் விழுந்தது, எத்தனை புது ஆடியன்ஸில் விழுந்தது என்று பாருங்கள். புது ஆடியன்ஸில் விழுந்ததற்கு மதிப்பு அதிகம்.

திடமாகத் தெரிய வேண்டுமானால் இன்க்ரிமென்டல் சோதனைதான் வழி. ஆடியன்ஸில் ஒரு பகுதிக்கு விளம்பரமே காட்டாமல் விட்டு, இரு பகுதியும் வாங்கிய விகிதத்தை ஒப்பிடுவது. மெட்டாவில் கன்வெர்ஷன் லிஃப்ட் என்று இருக்கிறது. 36 விற்பனை அளவில் அது செல்லாது, எண் சிறியது, தற்செயலே முடிவைப் புரட்டிவிடும். அதுவரை பட்ஜெட்டைக் கூட்டவும் குறைக்கவும் 25ஐயே அடிப்படையாக வையுங்கள்.

கூகுள் ஆட்ஸில் கிளிக்குக்கான விண்டோ வழக்கமாக 30 நாள். மெட்டாவில் 7. இரண்டின் சிபிஏவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூகுளுக்குச் சலுகை கிடைக்கும். அமைப்பில் அதையும் 7 நாளாக்கிக்கொள்ளுங்கள். விற்பனைக்கு 'ஒவ்வொன்றும்' எண்ணும்படி வையுங்கள். படிவம் நிரப்புவது போன்ற லீடுக்கு 'ஒன்று' மட்டும்.

---

எண்ணும்எழுத்தும்:

தேடலில் இன்னும் ஒரு ஜோடி குழப்பும். நீங்கள் எழுதிக்கொடுப்பது கீவேர்டு. மக்கள் உண்மையில் அடித்தது சர்ச் டெர்ம். பிராட் மேட்ச்சில் (தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் அமைப்பு) இரண்டுக்கும் தூரம் அதிகம். முதல் இரண்டு வாரம் அதைவிட இறுக்கமான எக்ஸாக்ட், ஃப்ரேஸ் மேட்ச் இரண்டோடு நிறுத்தி, சர்ச் டெர்ம் ரிப்போர்ட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். 'இலவசம்', 'வேலைவாய்ப்பு', 'பழுது பார்ப்பது' போன்ற தேடல்கள் வந்தால் நெகட்டிவ் கீவேர்டில் (விளம்பரம் வரக் கூடாத சொற்கள்) போடுங்கள். நெகட்டிவ், ஒத்த பொருளுள்ள சொல்லுக்குத் தானாக விரியாது. 'இலவசம்' என்று தடுத்தால் 'ஃப்ரீ' தடைபடாது. இரண்டையும் போட வேண்டும்.

குவாலிட்டி ஸ்கோர் 1 முதல் 10 வரை இருக்கும். எதிர்பார்க்கும் சிடிஆர், விளம்பரத்துக்கும் தேடலுக்கும் உள்ள பொருத்தம், லேண்டிங் பேஜ் அனுபவம் ஆகிய மூன்றையும் பார்த்து, கோளாறு எங்கே என்று சுட்டத் தரும் எண் அது. ஏலத்தில் அந்த எண் நேரடியாக நுழைவதில்லை. 6ஐ 7 ஆக்குவதற்காக மெனக்கெட வேண்டாம். மூன்றில் எது 'சராசரிக்குக் கீழ்' என்று காட்டுகிறதோ அதைச் சரிசெய்யுங்கள்.

கடைசியாக யுடிஎம், அதாவது வருகை எங்கிருந்து என்று காட்ட முகவரியின் வாலில் ஒட்டும் குறி. கூகுள் ஆட்ஸுக்கு ஆட்டோ டேக்கிங்கை ஆன் செய்தால் போதும், கூகுளே தன் குறியை ஒட்டிவிடும்; ஆனால் ரீடைரக்ட் (ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது) நடுவில் அந்தக் குறியை வெட்டிவிடாமல் இருக்க வேண்டும். விளம்பர முகவரியைத் தட்டி, கடைசியில் திறக்கும் பக்கத்தின் முகவரியில் அது நிற்கிறதா என்று பாருங்கள். மெட்டாவுக்கு சோர்ஸ், மீடியம், கேம்பெய்ன் மூன்றையும் நீங்களே எழுத வேண்டும், எல்லாம் சின்ன எழுத்தில். ஓரிடத்தில் பெரிய எழுத்து, ஓரிடத்தில் சின்ன எழுத்து என்று போட்டால் அனலிட்டிக்ஸ் அதை இரண்டு சோர்ஸாகக் காட்டும். உங்கள் 900க்கும் 860க்கும் இடையே காணாமல்போன 40இல் சில இப்படி வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கலாம்; சோர்ஸ் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு விதமாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.