ஒளிபரப்புச் சுணக்கம்: 'லேட்டன்சி'க்கு ஒரு சொல்

கலைச்சொற் குழு அன்பர்களுக்கு வணக்கம்.

ஒரு நிகழ்வு நடந்து அது பார்ப்பவரின் திரையில் தோன்றும் வரை ஆகும் நேரத்தைச் சுட்டும் 'லேட்டன்சி' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தாமதம், மறைநிலை, பின்னடைவு, பிந்துகை ஆகிய நான்கு பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. நான் ஐந்தாவதாகச் 'சுணக்கம்' என்னும் சொல்லை முன்வைக்கிறேன். வலையமைப்புப் பொறியியலாளருக்கு இது ஓர் அளவீட்டின் பெயர் மட்டுமே. ஆனால் இரவு வேளைகளில் ஐரோப்பிய உதைபந்தாட்டத்தைக் கைத்தொலைபேசியில் பார்க்கும் எங்கள் ஊர் இளைஞருக்கு இது அன்றாட மனக்கசப்பின் பெயராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. அவர் வாயில் நிற்காத சொல் அகராதியிலும் நெடுநாள் நிற்காது என்பதே என் கருத்து.

இங்கு நிகழ்வது இதுதான். ஒரு வளவில் செய்மதித் தட்டு வழியாகத் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடுகிறது. அடுத்த வளவில் அதே ஆட்டத்தை இணையத்தில் பார்க்கிறார்கள். முதல் வளவில் "கோல்" என்று கூச்சல் எழும்போது, இரண்டாவது வளவின் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. திரையின் மூலையிலோ 'நேரலை' என்ற சிவப்புக் குறி எரிந்துகொண்டிருக்கிறது. இணையம் சரியில்லை என்று ஒருவர் ரூட்டரை அணைத்து மூட்டுகிறார். இன்னொருவர் கூடிய விலைக்கு வேகமான இணைப்பை வாங்குகிறார். அதன் பிறகும் கூச்சல் முந்தியே வருகிறது.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி லுசைல் அரங்கில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டம், இலங்கை நேரப்படி இரவு 8.30க்குத் தொடங்கியது. 80ஆவது நிமிடம் வரை ஆர்ஜென்டீனா 2–0 என முன்னிலையில் இருந்தது. அதன் பின்னர் கிலியான் எம்பாப்பே தண்ட உதையால் ஒன்றும், 97 செக்கன் கழித்து இன்னொன்றுமாக இரு கோல்களைப் போட்டார். கட்டாரில் வேலை செய்யும் உறவினர் ஒருவர் இரண்டாவது கோலை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதியபோது, இங்கிருந்தவர்களுக்கு முதற்கோலின் மறுகாட்சி ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுக்கிறார் என்று மருமகன் ஒருவர் கடுமையாக எழுத, கண்டதைத்தானே எழுதினேன் என்று அவர் பதில் எழுத, அன்றிரவே அவர் குழுவை விட்டு விலகினார். இருவரிடமும் குற்றமில்லை. இருவர் பார்த்த திரைகளுக்கும் இடையில் கிடந்த நேரத்தைச் சுட்ட எங்கள் யாரிடமும் ஒரு சொல் இருக்கவில்லை. காரணத்துக்குப் பெயர் இல்லாத இடத்தில் மனிதர் மீதே பழி விழுகிறது. இந்தச் சொல்லை நான் இவ்வளவு அக்கறையோடு தேடுவது அதனாற்றான்.

இனி, அந்த நேரம் எங்கே செலவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனெனில் பொருளை அறியாமற் சூட்டும் பெயர் தவறான இடத்தையே சுட்டும். தூரம் காரணமன்று. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கிறது. கேபிள் வழி 10,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்கே ஆகும். புவிநிலைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருந்தாலும், அலை மேலே சென்று கீழே வரக் கால் செக்கன் அளவே பிடிக்கிறது. ஆகவே அரை நிமிடப் பிந்தலைத் தூரத்தின் கணக்கில் எழுத முடியாது.

அது பெரும்பாலும் தெரிந்தே ஏற்றுக்கொண்ட காத்திருப்பு. 2009இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட எச்.எல்.எஸ். என்னும், இணையவழியே படத்தை அனுப்பும் முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதில் படம் சிறு துண்டங்களாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டம் முழுமையாக உருவாகி முடியும் வரை அது பார்ப்பவரின் கருவி படிக்கும் துண்டப் பட்டியலில் ஏறாது. 2017இல் வெளியான அதன் விவரக்குறிப்பு, நேரலையைத் தொடங்கும் இயக்கி (பார்ப்பவரின் கருவியில் படத்தை ஓட்டும் மென்பொருள்) பட்டியலின் கடைமுனையிலிருந்து மூன்று துண்ட நீளத்துக்கும் குறைவான இடத்தில் தொடங்கலாகாது என்கிறது. துண்டம் ஒன்று ஆறு செக்கன் எனின் பதினெட்டுச் செக்கன் அங்கேயே போய்விடுகிறது. தொடக்க காலத்தில் வழங்கிய பத்துச் செக்கன் துண்டமாயின் முப்பது. படத்தைச் சுருக்கி, நகலெடுத்து, பல வழங்கிகளுக்கு (சேர்வர்களுக்கு) அனுப்பும் நேரம் இதற்கு மேலதிகம்.

இந்தக் காத்திருப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை எங்கள் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், விளக்குவது எளிது. ஆற்றில் நீர்வரத்து நாளுக்கு நாள் மாறுவதால், குளத்தில் தேக்கி வைத்து மதகு வழியே வயலுக்கு அளவாக விடுகிறோம். இயக்கியும் வரும் துண்டங்களைத் தேக்கி வைத்தே திரைக்கு விடுகிறது. எனவே 'பஃபர்' என்பதற்குத் 'தேக்ககம்' என்று வைக்கலாம் எனக் கருதுகிறேன். 'இடையகம்' என்னும் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. ஆனால் அது இடத்தைச் சொல்கிறதே அன்றிச் செயலைச் சொல்லவில்லை. தேக்ககம் வற்றும்போதே திரையில் அந்த வட்டம் சுற்றுகிறது. தேக்கம் பெரிதாயிருந்தால் படம் தடையின்றி ஓடும், ஆனால் அவ்வளவுக்குப் பிந்தும். சிறிதாயிருந்தால் முந்தும், ஆனால் அடிக்கடி நிற்கும். வேகமான இணைப்பை வாங்கியவருக்குக் கோல் முந்தி வராத காரணம் இதுவே: அவருடைய வாய்க்கால் அகன்றது, தேக்கத்தின் அளவு மாறவில்லை. நின்று நின்று ஓடிய படம் ஒவ்வொரு நிறுத்தத்தின் பின்னும் மேலும் பிந்திப் போகக்கூடும் என்பதால், ஒரே வீட்டில் ஒரே செயலியைப் பார்க்கும் இரண்டு கைத்தொலைபேசிகள்கூட வேறு வேறு நேரத்தைக் காட்டுகின்றன.

இப்பொழுது பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'மறைநிலை' என்பதை முன்வைத்த அன்பர், 'லேட்டன்ட் ஹீட்' என்பதற்கு வழங்கும் மறைவெப்பம் என்ற பாடநூற் சொல்லைச் சான்று காட்டினார். அந்த ஒப்புமை கற்றறிந்தோருடையது என்பதை மதிக்கிறேன். ஆயினும் இங்கு எதுவும் மறைந்திருக்கவில்லை. மேலும் தடம் பதியாமல் உலாவும் முறைக்கு உலாவியிலேயே 'மறைநிலை' என்ற சொல் நிலைத்துவிட்டது. 'பின்னடைவு' உதைபந்தாட்டச் செய்தியில் உடனே குழப்பும்: பிரான்சின் பின்னடைவு என்றால் அது இரண்டு கோல்களா, முப்பது செக்கன்களா? 'தாமதம்' பொதுச்சொல், பேருந்துக்கும் சம்பளத்துக்கும் ஆகும். அளவீடு ஒன்றின் பெயராக அதை ஒடுக்குவது கடினம். 'பிந்துகை' நல்ல ஆக்கம். சுணக்கம் ஏற்கப்படாவிடின் அதற்கே என் வாக்கு. ஆனால் அதை யாரும் பேசக் கேட்டதில்லை.

'சுணக்கம்' அப்படியன்று. "ஏன் சுணங்கினாய்?" என்பது கிழக்கிலங்கையில் கல்லடியிலும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் வீட்டு வாசலிற் கேட்கும் கேள்வி. தமிழரும் முஸ்லிம்களும் ஒருபோலப் பேசும் சொல் அது. சென்னை அன்பர் எழுப்பிய தடையை நான் இலேசாகக் கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் 'பணியிற் சுணக்கம்' என்றால் ஊக்கக் குறைவு என்னும் சாயல் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தரவுக்கு அந்தப் பழியைச் சூட்டலாமா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. இருப்பினும் ஒளிபரப்பு, வலையமைப்பு என்ற அடைகளோடு வரும்போது அந்தச் சாயல் உதிர்ந்துவிடும் என்று நம்புகிறேன். 'அழுத்தம்', 'தடை' ஆகிய சொற்களிலிருந்து பௌதிகவியலில் மனித உணர்வு உதிர்ந்தது போல. சங்கப் பாடல்களில் வரும் 'சுணங்கு', மகளிர் மேனியிற் படரும் தேமலைக் குறிப்பது. அது வேறு, அதனால் இடர் இல்லை.

வட்டார வழக்கை எல்லோர் மீதும் சுமத்துகிறோம் என்று ஒருவர் எழுதியதும், அதற்கு இன்னொருவர் சூடாகப் பதிலளித்ததும் எனக்கு வருத்தமளித்தன. கிழக்கிலங்கையின் காரைதீவிற் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இக்கரையாரும் அக்கரையாரும் சேர்ந்து சொல் ஆக்குவது எங்களுக்குப் புதிதன்று. ஒரு சொல்லை எவ்வளவு கடுமையாகவும் சோதிக்கலாம். அதை முன்மொழிந்தவரின் ஊரை இழுக்க வேண்டியதில்லை.

சொல்லின் விளைதிறனையும் பார்க்க வேண்டும். சுணங்கு, சுணங்கும், சுணக்கு என வினையாகிறது. 'குறைசுணக்க ஒளிபரப்பு' என்று அடை ஏற்கிறது. 2019இல் அறிவிக்கப்பட்ட எச்.எல்.எஸ். முறையின் புதிய வடிவத்தை அப்பெயரால் அழைக்கலாம். சுணக்கம் கணத்துக்குக் கணம் கூடிக் குறைவதைச் சுட்டும் 'ஜிட்டர்' என்பதற்குச் 'சுணக்க ஏற்றிறக்கம்' என்று வைக்கலாம்.

ஒளிபரப்புவோரிடமும் ஒன்றைக் கேட்க இச்சொல் உதவும் என நினைக்கிறேன். அந்த உலகக் கிண்ணத்தில் பந்துக்குள் வைத்த உணரி செக்கனுக்கு 500 தடவை தரவு அனுப்பியது; அரங்கின் கூரைக்குக் கீழிருந்த 12 கமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளைச் செக்கனுக்கு 50 தடவை பின்தொடர்ந்தன. ஓஃப்சைட்டை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் தொழின்முறை ஆட்டத்தில், பார்வையாளர் எத்தனை செக்கன் பின்னால் இருக்கிறார் என்பதைச் சொல்வது பெரிய வேலையன்று. நேரலைக் குறியின் அருகே 'சுணக்கம்: 32 செக்கன்' என்று எழுதினாற் போதும். முந்திப் பார்த்தவர் அரை நிமிடம் பொறுத்து எழுதுவார். பிந்திப் பார்ப்பவர் குழுவைத் திறக்காமல் இருப்பார்.

வரைவுப் பதிவு பின்வருமாறு: சுணக்கம் – ஒரு நிகழ்வு நடந்த கணத்துக்கும் அது பெறுநரின் திரையிலோ கருவியிலோ தோன்றும் கணத்துக்கும் இடைப்பட்ட நேரம், செக்கனில் அல்லது மில்லிசெக்கனில் அளக்கப்படும். தேக்ககம் பற்றி ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. இரசாயனவியலில் அதே ஆங்கிலச் சொல்லுக்குத் தாங்கல் என்னும் அடியிற் பிறந்த பெயர் வழங்குகிறது. இரு துறைக்கும் ஒரே சொல் வேண்டுமா, பொருளுக்கேற்பப் பிரியலாமா? பிரியலாம் என்பது என் எண்ணம். குழுவில் உள்ள இரசாயனவியல் ஆசிரியர்கள் தம் கருத்தை எழுதினால், அதையும் சேர்த்துத் திருத்திய வரைவை அனுப்புகிறேன்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து