கிராண்ட் கன்யன் தெற்கு விளிம்பில் ஒரு நாள்: அம்மாவுடன் செல்ல வழி கூறுங்கள்

கேள்வி: இரணைமடுவான், கிளிநொச்சி

வணக்கம் உறவுகளே. ஒக்டோபர் நடுப்பகுதியில், அரிசோனாவில் வசிக்கும் அக்காவிடம் அம்மாவுடன் செல்லவிருக்கிறேன். முதல் நாள் இரவு பிளாக்ஸ்டாவ் நகரில் தங்கி, மறுநாள் முழுவதையும் கிராண்ட் கன்யனில் கழிப்பதாக உள்ளோம். கார் ஓட்டுபவர் அத்தான். எழுபதைக் கடந்த அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எனக்கோ பள்ளத்தாக்கினுள் சிறிது தூரமாவது இறங்கிப் பார்க்க ஆசை. குளக்கட்டைவிட உயரமான எதிலும் ஏறிப் பழகாத நான் எவ்வளவு தூரம் இறங்கலாம்? காரில் எவ்வழியே செல்வது நல்லது?

மறுமொழி: ஓமந்தையூரான்

தம்பி, பிளாக்ஸ்டாவிலிருந்து நேரே தெற்கு வாயிலுக்குச் செல்வதைவிட, 89ஆம் நெடுஞ்சாலையில் கமரன் வரை சென்று கிழக்கு வாயிலால் நுழையுங்கள்; திரும்பும்போது தெற்கு வாயிலால் வெளியேறினால், ஒரே சாலையில் இருமுறை ஓட வேண்டியிராது. நுழைந்ததும் வருவது டெசேர்ட் வியூ. அங்கே 1932இல் மேரி கோல்டர் வடிவமைத்துக் கட்டப்பட்ட கற்கோபுரம் நிற்கிறது. அங்கிருந்து, பூங்காவின் மையமான 'கிராண்ட் கன்யன் கிராமம்' வரையிலான ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சாலையில் லிப்பன், மொரான், கிராண்ட்வியூ ஆகிய முனைகளில் நிறுத்திப் பார்க்கலாம். எல்லாவற்றிலும் நிறுத்த நேரம் போதாதென்றால் லிப்பனை மட்டும் விட்டுவிடாதீர்கள், கொலராடோ ஆறு அங்கு நன்றாகத் தெரியும். மேற்கேயுள்ள ஹேர்மிற் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வாகனங்களுக்கு அனுமதியில்லை. பூங்காவின் இலவசப் பேருந்திலேயே செல்ல வேண்டும்.

மறுமொழி: முறிகண்டி வாசி

இறங்குவதைப் பற்றி மட்டும் கூறுகிறேன். மலையேறும்போது களைத்தவர் பாதியில் திரும்பினால் எஞ்சியது இறக்கமே. இங்கோ களைப்புத் தெரியும் வேளையில்தான் ஏற்றம் தொடங்குகிறது. இறங்கிய நேரத்தைப் போல் இருமடங்கு ஏறுவதற்கு வேண்டும் என்று கணக்கிட்டு, கடிகாரத்தைப் பார்த்தே திரும்புங்கள். தெற்குக் கைபாப் பாதையில் 'ஊ ஆ முனை' ஒருவழியில் 1.4 கிலோமீற்றர்தான், உங்களுக்கு அதுவே போதும். அதற்கப்பால் சீடர் ரிட்ஜ் வரை செல்வதாயின் ஏறத்தாழ 340 மீற்றர் இறங்கி, அத்தனையும் ஏற வேண்டும். அப்பாதையில் குடிநீர் எங்குமில்லை என்பதால் நீரைச் சுமந்தே செல்லுங்கள். பாதை தொடங்கும் இடத்துக்கும் சொந்தக் கார் செல்லாது, பேருந்துதான். வன்னி வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது என்ன என்று எண்ண வேண்டாம்: தெற்கு விளிம்பு ஏறத்தாழ 2,100 மீற்றர், அதாவது நுவரெலியாவையும் விஞ்சிய உயரத்தில் உள்ளது, வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் இழக்கும் நீர் நமக்குத் தெரிவதில்லை.

மறுமொழி: பண்டாரிகுளத்தார்

நீங்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் அம்மாவையும் அக்காவையும் யாவபாய் புவிச்சரிதவியல் அருங்காட்சியகத்தில் விட்டுச் செல்லலாம். கண்ணாடிச் சாளரத்தருகே அமர்ந்தே பள்ளத்தாக்கைப் பார்க்க முடியும். அங்கிருந்து மேற்கே செல்லும் சமமான நடைபாதையில் ஒவ்வொரு மீற்றரும் பத்து இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கிறது. அந்தந்தக் காலத்துக் கற்களையும் வைத்திருக்கிறார்கள். விளிம்பின் மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்புக்கல் 27 கோடி ஆண்டு பழையது, ஆதலால் 270 மீற்றரில் வந்துவிடும். ஆழத்திலுள்ள விஷ்ணு பாறைக்கு 1,700 மீற்றருக்கு மேல் நடக்க வேண்டும். அம்மாவுக்கு அது இயலாது. ஆனால் எங்கள் வவுனியாப் பக்கத்துப் பாறைகளைப் புவிச்சரிதவியலாளர் வன்னித் தொகுதி என்றே அழைக்கிறார்கள், அவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஐந்நூற்றைம்பதாவது மீற்றர் வரை அம்மா மெதுவாக நடந்தால், எங்கள் ஊர்க் கல்லின் வயதையும் பார்த்துத் திரும்பலாம்.

மறுமொழி: ஓமந்தையூரான்

ஒன்றைக் குறிப்பிடத் தவறிவிட்டேன். காருக்கான 35 டொலருக்கு மேலதிகமாக, அமெரிக்காவில் வசிக்காதவர்களிடம் 2026 தொடக்கம் ஆளுக்கு 100 டொலர் அறவிடப்படுகிறது; உங்களுக்கும் அம்மாவுக்குமாக 200 டொலரை ஒதுக்கி வையுங்கள்.