புதுப்பிப்பு: குசினிக்குள் திரும்பிய புகை

மாங்குளத்தில் நாங்கள் கட்டிய விறகடுப்பின் புகைபோக்கி, சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் புகையைக் குசினிக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது என்று முன்னர் எழுதியிருந்தேன். அது இப்போது சரியாகிவிட்டது.

குழாயின் வாய் முகட்டை விடத் தாழ்வாக இருந்ததால், முகட்டைத் தாண்டிச் சுழன்று இறங்கிய காற்று புகையைக் கீழே அமுக்கியிருக்கிறது. குழாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடியும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எந்தக் கூரைப் பகுதியையும் விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும் என்ற பொதுவிதிப்படி மேசன் அதை உயர்த்தி, இரண்டு வளைவுகளையும் நீக்கி நேராக்கினார். புகை இல்லாமல் சோற்றில் வாசமில்லை என்று அம்மா குறைப்படுவது வேறு கதை.

உண்மையில் என்னைப் பயமுறுத்தியது, மேலே ஏறிப் பார்த்தபோது கண்ட, கூரையைத் தாங்கும் பனஞ்சிலாகைதான். ஒற்றைத் தகரக் குழாயிலிருந்து 18 அங்குலமாவது விலகியிருக்க வேண்டிய மரம், நான்கு விரல் இடைவெளியில் கருகத் தொடங்கியிருந்தது. சிலாகைகளை வெட்டி விலக்கி, அவ்விடத்தில் இரும்புச் சட்டம் பொருத்தினோம்.

குழாயினுள் தார்போல் படிந்திருந்த கரியையும் சுரண்டினோம். ஈர விறகு எரித்ததன் பலன் அது, குழாயின் சூட்டில் தீப்பிடிக்கக்கூடியது. மாரிக்கு வேண்டிய பாலை விறகு இப்போதே பிளந்து, கொட்டிலுக்குள் காய்கிறது.