பயிற்சியில் இருக்கும் அசேலியா போன்சாய்: எப்போது தொட்டி மாற்றினீர்கள்? அனுபவத்தை எழுதுங்கள்

சைதாமா, ஜப்பான்

தொட்டியில் குட்டை மரமாக (போன்சாய்) வளர்க்கும் அசேலியா என்ற பூச்செடிக்குத் தொட்டி மாற்றுவது எப்போது என்று கேட்டால், "இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை" என்று ஒற்றை வரியில் பதில் வந்துவிடுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. என் மரத்துக்கு இந்தத் தடவை எப்படி முடிவெடுத்தேன் என்று எழுதுகிறேன். நீங்களும் உங்கள் மரத்தில் நடந்ததை எழுதுங்கள்.

மரம் சத்சுகி வகை, ஒசாகாசுகி ரகம். தோச்சிகி மாகாணத்தில் கானுமா என்ற ஊரில் வாங்கினேன். சத்சுகி என்றாலே ஜப்பானில் முதலில் சொல்லப்படும் ஊர் அது. நிலத்தில் வளர்த்து, தலையை வெட்டி, தோண்டியெடுத்து விற்ற மரம். அடிமரம் மணிக்கட்டுப் பருமன் இருக்கும். வெட்டிய இடத்தைச் சுற்றித் துளிர்த்தவற்றில் தேறியதை மட்டும் விட்டுக் கிளையாக வளர்த்துக்கொண்டிருக்கிறேன். அழகுத் தொட்டிக்குப் போக இன்னும் பல வருஷம் ஆகும்.

மண், கானுமா மண்தான். அகாகி எரிமலை 40,000 ஆண்டுகளுக்கும் முன்னால் கக்கிய நுரைக்கல். மஞ்சளாக, கையில் எடுத்தால் கனமே தெரியாது. புளிப்புத் தன்மை உள்ள மண் என்பதால் அசேலியாவுக்கு அவ்வளவு பொருத்தம். ஆனால் மென்மையானது. பனியில் உறைந்து உருகி உறைந்து உருகி, சில குளிர்காலத்துக்குள் மணிகள் உடைந்து மாவாகிவிடும். அசேலியா வேரோ தலைமுடியை விட மெல்லியது. ஆழமாகப் போகாது, மேலாகவே பின்னிப் பின்னிக் கம்பளம் மாதிரி ஆகிவிடும். மாவான மண்ணும் பின்னிய வேரும் சேர்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை.

போன கோடையில் எனக்குத் தெரிந்த முதல் அறிகுறி அதுதான். பூவாளியால் ஊற்றினால் தண்ணீர் மேலே குளமாக நின்று, பிறகு ஓரமாக வழிந்து இறங்கியது. அடித்துளையில் தண்ணீர் வருவதைப் பார்த்து, போதும் என்று நகர்ந்துவிடுவது சுலபம். நான் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து மூன்று இடத்தில் செருகிப் பார்த்தேன். தொட்டி ஓரத்தில் ஈரம். பாதித் தூரத்தில் லேசான ஈரம். அடிமரத்தை ஒட்டிச் செருகிய குச்சி காய்ந்த தூசியோடு வெளியே வந்தது. நிலத்தில் இருந்தபோது ஒட்டிய பழைய களிமண் உருண்டை நடுவில் அப்படியே இருக்கிறது. ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் அது தண்ணீரை வாங்கவே மாட்டேன் என்கிறது.

இலை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. புதுத் துளிர்கள் மட்டும் முந்தைய வருஷத்தை விடக் குட்டையாக நின்றுவிட்டன. வாங்கும்போது அந்தத் தோட்டத்துப் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்தது: தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று ஒவ்வொரு மாசமும் பார், அது மாறினால் மரத்துக்கு ஏதோ வேண்டும். நான் இதை மற்ற எல்லா அறிகுறிக்கும் மேலாக நம்புகிறேன்.

எந்த மாசம் என்பதில்தான் யோசனை. சைதாமா இருக்கும் கான்டோ பகுதியில் இரண்டு வாய்ப்பு உண்டு. மார்ச்சில், பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, மொட்டு அசையும் முன். இல்லாவிட்டால் மே, ஜூனில் பூத்து முடிந்ததும், மழைக்காலத் தொடக்கத்தில். இங்கே பூவுக்காக வளர்ப்பவர்களில் பலர் இரண்டாவதைச் செய்கிறார்கள். நான் மார்ச்சைத் தேர்ந்தெடுத்தேன். களிமண்ணை எடுப்பது பெரிய வேலை, வேர் நிறையப் போகும். மார்ச்சில் செய்தால் வெயில் ஏறுவதற்குள் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாசம் கிடைக்கும். அதற்கு விலையாகப் பூவை விட்டுக்கொடுக்க வேண்டும். நுனியில் திரண்டிருந்த பூமொட்டுகளை விரலாலேயே கிள்ளி எடுத்துவிட்டேன். கிளை உருவாக வேண்டிய மரத்துக்கு அந்த வருஷத்துப் பூ தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

வேலையைச் சொல்கிறேன். முழு மண்ணையும் ஒரே தடவையில் எடுக்கவில்லை. அடிப்பகுதியை மட்டமாக அறுத்துவிட்டு, பின்பக்கம் பாதி மட்டும் அடிமரம் வரை கொக்கியால் மெதுவாகக் கலைத்து, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். முன்பக்கம் பாதியைத் தொடவே இல்லை. கானுமா மண்ணைச் சலித்துத் தூசியை நீக்கி, குச்சியால் வேர்களுக்கு நடுவே ஊட்டி, மரம் அசையாதபடி கம்பியால் கட்டினேன். கட்டாத மரம் காற்றில் ஆடினால் புதிதாக வரும் மெல்லிய வேர் எல்லாம் அறுந்துபோகும். மேலே பொடியாக நறுக்கிய பாசி. மேல்வேர் காயாமல் இருக்க இது மிக மிக முக்கியம்.

அன்று ஒரு கிளையைக்கூட வெட்டவில்லை. வேருக்கும் தலைக்கும் ஒரே பருவத்தில் பெரிய வெட்டு வேண்டாம் என்பது என் வழி. அசேலியாவில் கீழ்க்கிளைதான் பலமாக ஓடும், உச்சி சோம்பும். அதனால் உச்சி இலைகளை விசேஷமாகக் காப்பாற்றி வைத்தேன். ஒரு மாசம் உரம் இல்லை, உச்சி வெயில் படாத இடம். ஏப்ரல் கடைசியில் உச்சியிலும் துளிர் வந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.


லண்டனுக்கு வெளியே, இங்கிலாந்து

அண்ணா, நன்றி. குச்சி விஷயத்தை இன்றே செய்து பார்க்கப் போகிறேன்.

என் அனுபவம் வேறு மாதிரி. என் மரத்தில் புது இலை வெளிறியது, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும் வேர் நிறைந்துவிட்டது, தொட்டி மாற்று என்றார்கள். நானும் தயாரானேன். மாற்றுவதற்கு முன் தொட்டியை விட்டு லேசாகத் தூக்கிப் பார்த்தேன். வேர் நுனிகள் வெள்ளையாக, அழகாக, இடம் இருக்கும்போதே ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீரும் தங்காமல் இறங்கியது. அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

காரணம் எங்கள் குழாய்த் தண்ணீர். இந்தப் பகுதியின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது, கெட்டிலில் வெள்ளையாகப் படியும். அதை நாளும் ஊற்றினால் மண்ணின் புளிப்புப் போய்விடும். பிறகு மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அதை மட்டும் ஊற்ற ஆரம்பித்தேன், அசேலியாவுக்கான இரும்புச் சத்து மருந்தும் ஒரு தடவை கொடுத்தேன். வெளிறிய பழைய இலை தேறவில்லை. அடுத்து வந்த துளிர் நல்ல பச்சை. அந்த வருஷம் வேரைக் கலைத்திருந்தால், ஏற்கெனவே பசியோடு இருந்த மரத்துக்கு இன்னொரு அடி விழுந்திருக்கும். மஞ்சள் இலையைப் பார்த்ததும் தொட்டியைக் கவிழ்க்காதீர்கள், முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.


ஒசாகா, ஜப்பான்

நான் ஜூன் கட்சி!

என்னிடம் இருப்பது கோசான் என்ற சத்சுகி ரகம், சின்ன இலை, சின்னப் பூ. ஒரு சாண் உயரம்தான். தொட்டி சிறியதாக இருப்பதால் வேர் சீக்கிரம் நிறைந்து, மரத்தையே தொட்டி விளிம்புக்கு மேலே தூக்கிவிடும். இரண்டாம் வருஷமே அது கண்ணுக்குத் தெரியும். வாடிய பூவைச் சூலகத்தோடு கிள்ளிவிட்டு, அந்த வாரமே மாற்றிவிடுவேன். மழைக்கால ஈரக்காற்றில் இலை வாடுவதே இல்லை. களிமண் உருண்டை இல்லாத மரம், மேலோட்டமாக வேர் சீவினால் போதும் என்பதால் எனக்கு இது சரிவருகிறது. அண்ணா செய்த அளவுக்குப் பெரிய வேலை என்றால் நானும் மார்ச்சுக்குத்தான் போவேன். ஜூலையில் இங்கே அடிக்கிற வெயிலில் பாதி வேரோடு ஒரு மரத்தை நிறுத்த மனசு வராது.

இன்னொன்று. அடிமரம் பருக்க வேண்டும் என்று ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போகாதீர்கள். வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அசேலியாவின் மெல்லிய வேருக்கு அது ஆகாது. வேர்க்கட்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் தாராளம்.

ஒரு கேள்வி அண்ணா: முன்பக்கம் தொடாமல் விட்ட பாதிக் களிமண்ணை எப்போது எடுப்பீர்கள்? அடுத்த மார்ச்சா?


சைதாமா, ஜப்பான்

தம்பி, அடுத்த மார்ச் இல்லை. அந்தப் பக்கத்து வேர்தான் இப்போது மரத்துக்குச் சோறு போடுகிறது. பின்பக்கத்துப் புது வேர் தொட்டிச் சுவரைத் தொடும்வரை அதைக் கலைக்க மாட்டேன். இரண்டு வருஷம் ஆகும் என்று நினைக்கிறேன். அதுவரை வெயில் நாட்களில் வாரம் ஒருமுறை தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்பு வரை அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை வைத்திருக்கிறேன். காய்ந்த உருண்டைக்குள் ஈரம் போக இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. செப்டம்பரில் செய்யலாமா என்று இன்னொருவர் தனியாகக் கேட்டிருந்தார். செய்பவர்கள் இருக்கிறார்கள். என் மாடியில் டிசம்பரிலேயே தொட்டி மண் உறைந்துவிடும். வேர் பிடிக்காத மரத்தை உறைபனி மண்ணோடு சேர்த்துத் தூக்கிவிடும் என்பதால் நான் செய்வதில்லை.

லண்டன் தங்கச்சி, குச்சி செருகிப் பார்த்ததும் நடுவில் என்ன நிலைமை என்று இங்கேயே எழுதுங்கள். மழைத்தண்ணீர் ஊற்றும் மரத்தில் உருண்டை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.