உள்ளி கறுக்காட்டில் காளான் நல்லதாம்!

பனங்கூடல்:
ஐப்பசி மழை துவங்க முதலே உந்தக் கதையும் திரும்ப வந்திட்டுது. ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "வளவுக்குள்ளை முளைச்ச காளானை உள்ளியோடை அவிச்சுப் பாருங்கோ, உள்ளி கறுக்காட்டில் நம்பிச் சாப்பிடலாம்" எண்டு. கீழை ஆக்கள் வரிசையா நன்றி சொல்லியிருக்கினம். வாசிக்க எனக்கு நெஞ்சு பதறுது. ஆளைக் கொல்லுற காளான்களிலை இருக்கிற அமாடொக்சின் எண்ட நஞ்சு உள்ளியைக் கறுப்பாக்காது. வெள்ளிக் கரண்டியையும் கறுப்பாக்காது. அவிச்சாலும் பொரிச்சாலும் அழியவும் மாட்டுது. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டிலை ஆரும் உதை நம்பிச் சமைச்சால் ஆர் பொறுப்பு?

முறிகண்டியான்:
அதை எழுதினது நான்தான் அண்ணை. நேரை என்னட்டையே கேட்டிருக்கலாம். எங்கட அம்மம்மா உள்ளி போட்டுத்தான் காளான் அவிச்சவ. அவவின்ர தாயும் அப்படித்தான். ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் வரேல்லை. காட்டோடை வாழ்ந்த வன்னிச் சனத்துக்கு, செம்மண்ணிலை வெங்காயம் நட்ட ஆக்கள் காளான் படிப்பிக்க வேண்டாம்.

பனங்கூடல்:
வெங்காயம் நட்டதிலை எனக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. கேள்விக்கு வாரும். அம்மம்மா எங்கை பிடுங்கினவ? கறையான் புத்திலைதானே? புத்துக்காளானுக்குக் குடை நடுவிலை கூர் இருக்கும். தண்டு மண்ணுக்குள்ளை நீளமா இறங்கி, கறையான் புத்துக்குள்ளை வளர்க்கிற பூஞ்சணத்திலை போய் முடியும். இலையையும் மரத்தையும் அரிச்சுக் கொண்டுபோய்க் கறையான் செய்யிற தோட்டம் அது. தடியாலை ஆழக் கிண்டி, அந்த வாலோடை எடுக்கிற ஆக்களுக்குத்தான் தாங்கள் என்ன எடுக்கிறம் எண்டு தெரியும். உங்கட அம்மம்மாவுக்கு அந்தப் புத்துத் தெரியும், அந்த இடம் தெரியும், அந்த மாதம் தெரியும். அதுதான் உங்களைக் காப்பாத்தினது. உள்ளி சட்டிக்குள்ளை சும்மா கிடந்தது.

அச்சுவேலி அக்கா:
தம்பிமார், எந்தக் காளானைப் பற்றிச் சண்டை பிடிக்கிறியள்? புத்துக்காளானோ, வைக்கல் காளானோ, புல்லிலை வாறதோ? முதல் அதைச் சொல்லிப்போட்டுக் கதையுங்கோவன்.

முறிகண்டியான்:
உள்ளி கறுத்ததை நான் என்ர கண்ணாலை கண்டனான். அம்மம்மா அந்தச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டித் தாட்டவ. கண்டதைச் சொன்னால் பொய் எண்டுறியள். நீங்கள் வாசிச்சதை மட்டும் நாங்கள் நம்ப வேணும்.

பனங்கூடல்:
கறுத்திருக்கும். ஆர் இல்லையெண்டது? காளானை வெட்டி வைச்சாலே காத்துப் பட்டு நிறம் மாறும். இரும்புச் சட்டி எண்டால் இன்னும் கறுக்கும். தேசிக்காய்ப் புளி பட்டால் உள்ளி பச்சையாயும் நீலமாயும் வரும், ஊறுகாய் போட்ட ஆக்களுக்குத் தெரியும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறது கந்தகத்தாலை. அவிச்ச முட்டையிலை வைச்சாலும் கறுக்கும். அதுக்காக முட்டையைக் குழி வெட்டித் தாக்கிறமோ? உள்ளியிலேயே கந்தகம் இருக்கு. உள்ளியையும் வெள்ளியையும் ஒண்டாப் போட்டுச் சோதிக்கச் சொல்லுறவைக்கு என்னத்தைச் சொல்லுறது!

டண்டினோங்:
நான் மெல்பேர்ணிலை இருக்கிறன். இஞ்சை வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்ட ஓக் மரங்களுக்குக் கீழை, இலையுதிர் காலத்து மழையோடை மரணக்குடைக் காளான் வரும். 2011 டிசம்பர் 31 இரவு கன்பராவிலை அதைச் சமைச்சுச் சாப்பிட்ட ரெண்டு பேர் செத்துப்போச்சினம். ஆசிய நாடுகளிலை இருந்து வந்த ஆக்கள் ஊர் வைக்கல் காளான் எண்டு நினைச்சு அதைப் பிடுங்கிறது இஞ்சை அடிக்கடி எச்சரிக்கிற விசயம். மொட்டிலை ரெண்டுக்கும் அடியிலை உறை இருக்கும். சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்கு மேலை ஒண்டும் தெரியாது. பிறகு சத்தி, வயித்தாலை போறது. அதுக்குப் பிறகு ஒரு நாள் சுகமான மாதிரி இருக்கும். அந்த நேரத்திலைதான் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும்.

முறிகண்டியான்:
முறிகண்டியிலை எங்கையண்ணா ஓக் மரம் நிக்குது? பாலையும் முதிரையும் நிக்கிற காட்டுக்கு அவுஸ்திரேலியாக் கதையைக் கொண்டுவந்து சனத்தை வெருட்டாதேங்கோ. வெளிநாட்டுக்குப் போன உடனை ஊர்ச் சாப்பாடெல்லாம் நஞ்சாப் போயிடுது உங்களுக்கு. மரவள்ளியிலையும்தான் நஞ்சு இருக்கு. திறந்து அவிச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சாப்பிடேல்லையே? காளானும் அப்படித்தான்.

பனங்கூடல்:
இல்லை, காளான் அப்படி இல்லை. மரவள்ளியிலை வாறது ஐதரசன் சயனைட்டு. அது 26 பாகையிலேயே ஆவியாகும், அதாலைதான் மூடாமல் அவிக்கிறது. அமாடொக்சின் ஆவியாகாது, கொதி தண்ணியிலை கிடந்தாலும் உடையாது. போன மாரியிலை மரவள்ளியும் இஞ்சியும் எண்டு நீர் என்னோடை மல்லுக்கட்டினது எனக்கு நல்ல ஞாபகம் இருக்கு. அந்த வீம்பைத்தான் இப்ப காளானிலை தீர்க்கிறீர்.
ஓக் மரம் எங்களிட்டை இல்லை. ஆனால் வெப்பநாடு எல்லாத்திலையும் புல்தரையிலை வாற பச்சை வித்திக் காளானுக்கு ஓக் தேவையில்லை. பெரிய வெள்ளைக் குடை, மேலை கபிலச் செதில், தண்டிலை ஒரு வளையம். இளசிலை குடைக்குக் கீழை மடிப்பு வெள்ளையா இருக்கும், முத்தினால் பச்சை ஏறும். பார்க்க அவ்வளவு வடிவு. திண்டால் ஒண்டிலை இருந்து மூண்டு மணித்தியாலத்துக்குள்ளை குடல் வெளியாலை வாற மாதிரிச் சத்தி எடுக்கும். உள்ளியைப் போட்டு அதை அவியும். உள்ளி வெள்ளையாத்தான் கிடக்கும். அப்ப சாப்பிடுவீரோ? பதில் சொல்லும்.

சாவகச்சேரி வாத்தியார்:
நம் முன்னோருக்குக் காளான் புதிதல்ல. புறநானூற்றின் 164ஆம் பாட்டிலேயே அடுப்பில் ஆம்பி பூத்ததாக வருகிறது. ஆம்பி என்பது காளான். ஈராயிரம் ஆண்டு அனுபவம் உள்ள இனத்துக்கு இவ்வளவு அச்சம் வேண்டியதில்லை.

பனங்கூடல்:
மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. அந்தப் பாட்டிலை அடுப்பு சமையலை மறந்துபோய்க் கிடக்குது. நெருப்பு மூட்டாததாலை அதிலை காளான் பூத்திருக்குது. தாயிட்டைப் பாலில்லை, பிள்ளை அழுகுது, புலவர் வள்ளலிட்டைக் கேட்டு வந்து நிக்கிறார். அதிலை ஆர் காளானைச் சமைச்சது? சமைச்சிருந்தால் அடுப்பிலை எப்படிப் பூக்கும்?

சாவகச்சேரி வாத்தியார்:
பாட்டை எனக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நாற்பது வருடம் தமிழ் படிப்பித்தவன். காளானை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதே என் கருத்து.

பனங்கூடல்:
அறிஞ்சிருந்தது வேறை, திண்டது வேறை.

முறிகண்டியான்:
மாஸ்டருக்கும் பாடம் எடுக்கத் துவங்கிட்டார். இவருக்கு ஆரையும் மதிக்கத் தெரியாது.

அச்சுவேலி அக்கா:
எங்கட வீட்டிலை ஐயா காளானைக் குசினிக்குள்ளை எடுக்கவே விடமாட்டார், இறைச்சி மாதிரி மணக்குது, சைவக்காரருக்கு ஆகாது எண்டு. நான் கலியாணம் கட்டின பிறகுதான் சமைக்கப் பழகினனான். கடையிலை வாங்கிற சிப்பிக்காளானைக் கையாலை கிழிச்சு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை போட்டு வதக்கி, மிளகுதூள் தூவி, முதல்பாலிலை ஒரு கொதி விட்டு இறக்கினால் புட்டோடை அந்த மாதிரி. எந்தக் காளான் எண்டு கேட்டனான், இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.

முறிகண்டியான்:
அக்கா, முதல்பாலைக் கொதிக்க விட்டால் திரைஞ்சு போகும். இரண்டாம் பாலிலை அவிச்சு, இறக்கிறபோது முதல்பால் விட வேணும். உள்ளி போடாமல் காளான் கறியோ?

அச்சுவேலி அக்கா:
ஒரு கொதிக்குத் திரையாது. நான் வைக்கிற கறியிலை ஒரு நாளும் திரையேல்லை. நீர் வந்து பார்க்கலாம்.

பனங்கூடல்:
ருசிக்கு உள்ளி போடுங்கோ, வேண்டிய அளவு போடுங்கோ. சோதனைக்கு எண்டு எழுதினதை எடும். நான் கேட்ட பச்சை வித்திக் காளானுக்குப் பதில் வரேல்லை. ஒரு முத்தின குடையை வெள்ளைக் கடதாசியிலை கவிழ்த்து, கோப்பையாலை மூடி, விடிய எடுத்துப் பாரும். காளான்ர வித்தி தூளாக் கடதாசியிலை விழும். அது பச்சைத்தூள் எண்டால் எறியும். வேறை நிறத்திலை விழுந்தாலும் அதை மட்டும் நம்பித் தின்னக் கூடாது, மரணக்குடைக்கு வெள்ளைத் தூள்தான் விழும். ஆடு திண்டது, நத்தை அரிச்சது எண்டும் நம்பாதேங்கோ. எங்களைக் கொல்லுறதைச் சில பிராணியள் திண்டுபோட்டுச் சுகமாத் திரியும்.

முறிகண்டியான்:
கடதாசியும் கோப்பையும்! காட்டிலை நிண்டுகொண்டு விடியும் வரைக்கும் காவல் இருக்கிறதோ?

டண்டினோங்:
பனங்கூடல் அண்ணை சொல்லுறது சரி.

முறிகண்டியான்:
நீங்கள் ரெண்டு பேரும் எப்பவும் ஒரு பக்கம்தானே. ஒடியல் கூழுக்கு நண்டு போடுற கதையிலையும் இப்படித்தான் சேர்ந்துகொண்டு வந்தனியள்.

டண்டினோங்:
நண்டு போடாமல் அது கூழே இல்லை. அது வேறை கதை.

பனங்கூடல்:
கூழை விடுங்கோ. இதை வாசிக்கிற ஆருக்கும் சொல்லுறன்: காளான் திண்டபிறகு சத்தி, வயித்துக்குத்து எண்டால் உள்ளியையும் பார்க்க வேண்டாம், விடியும் வரைக்கும் பொறுக்கவும் வேண்டாம். மிச்சக் கறியையும் மிச்சக் காளானையும் பையிலை போட்டுக்கொண்டு உடனை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலை நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கு, டொக்டர்மார் அங்கை கேட்பினம். தம்பி, நீர் எழுதினதை இண்டைக்கே அழியும்.

முறிகண்டியான்:
அழிக்க மாட்டன். அம்மம்மா செய்ததைத்தான் எழுதினனான். உள்ளி கறுக்கும் எண்டு சொன்னது சொன்னதுதான். அக்கா, முதல்பால் திரையும் எண்டதும் சொன்னதுதான்.