டாஸில்: 'கண்கூச்சம்' போதாது, 'கூசொளி' என்று வைப்போமா?

வணக்கம். கடும் ஒளி பட்டுக் கண் கூசிப் பார்வை மறைவதை ஆங்கிலத்தில் 'டாஸில்' (dazzle) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று நான் கேட்டதற்கு, 'கண்கூச்சம்' என்றே வைத்துவிடலாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேரளத்தில் பாலக்காடு பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு துண்டறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓடும் வண்டி மேல் லேசர் அடிக்காதீர்கள் என்று. அதில் பிரிட்டன் 2018இல் கொண்டுவந்த லேசர் சட்டத்தைச் சுருக்கிச் சொல்லப் போனபோதுதான் இந்தச் சொல் இடித்தது. ஓடுகிற, அல்லது புறப்படத் தயாராக நிற்கிற ஊர்தி மேல் கதிரைப் பாய்ச்சி அதை ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைத்தாலோ கவனத்தைக் கலைத்தாலோ குற்றம். அதோடு நில்லாமல், அப்படி ஆகக்கூடும் என்ற நிலை இருந்தாலே குற்றம், 5 ஆண்டு வரை சிறை. அதாவது யார் கண்ணும் கூசியிருக்க வேண்டியதில்லை. கண்கூச்சமோ கண்ணில் நடப்பது, அதுவும் பல் கூச்சம் மாதிரி நோயாளியின் குறையாகத்தான் காதில் விழுகிறது. சட்டம் பிடிப்பது ஒளியை, அதைப் பாய்ச்சிய கையை.

மலையாளத்தில் 'கண்ணஞ்சுக' இருக்கிறதே, 'கண்ணு மஞ்ஞளிக்குக' இருக்கிறதே என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் கண் கூசுவதைச் சொல்பவை, இங்கே தினமும் காதில் விழுகிற சொற்கள், எனக்கும் பிடித்தவை. ஆனால் அவையும் கண்ணின் பக்கமே நிற்கின்றன, தவிர தமிழில் கண் மஞ்சளித்தது என்றால் காமாலையா என்பார்கள்.

போன திருவிழாவின்போது வேலந்தாவளம் சாலையில் பைக்கில் வந்தேன், எவரோ மாடியிலிருந்து பச்சை லேசர் அடித்தார்கள். ஹெல்மெட் கண்ணாடியில் இருந்த கீறல்களெல்லாம் சேர்ந்து எரிந்த மாதிரி முழுதும் பச்சை, சாலையே இல்லை. ஒதுக்கி நிறுத்திவிட்டேன், பின்னால் மகள் உட்கார்ந்திருந்தாள். பிறகு படித்தபோது புரிந்தது: நம் கண் 555 நானோமீட்டர் அருகேதான் அதிகம் உணரும், பச்சை லேசர் 532இல் இருக்கிறது, அதனால் அதே திறனுள்ள சிவப்பைவிடப் பல மடங்கு பளிச்சென்று தெரியும். கண்ணில் ஒரு குறையும் இல்லாதவருக்கும் இதுதான் கதி.

அதனால்தான் 'கூசொளி' என்கிறேன். ஒளியா கூசும், கண்தானே கூசும், இலக்கணம் இடிக்கிறதே என்று ஐயா ஒருவர் கேட்டது நியாயம். ஆனால் சுடுகாட்டில் காடு சுடுவதில்லை, உண்கலத்தில் கலம் உண்பதில்லை. வினைத்தொகை இதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது.

வினைக்குக் 'கூசொளி பாய்ச்சுதல்'. பேச்சில் டார்ச் அடித்தான் என்போம், துண்டறிக்கையிலும் 'அடிக்காதீர்கள்' என்றே விட்டுவிடுகிறேன், ஆனால் சட்ட வாசகத்தில் 'அடித்தல்' வந்தால் கைகலப்பு நினைவுக்கு வரும். வெறும் 'பாய்ச்சல்' வேண்டாம், அது புலிக்கு.

சரி, இன்னொன்றும் தீரவில்லை. அந்தச் சட்டத்தில் ஊர்தி என்பது நிலம், நீர், வான் எதில் பயணிக்க உதவுவதும். சைக்கிளும் படகும் சேரும். விமானத்தில் ஓட்டுபவரோடு, அவர் ஓட்டுவதைக் கண்காணிப்பவரும் கணக்கில் வருகிறார். 'ஓட்டுநர்' என்றால் அவர் விடுபடுகிறார். 'ஊர்தி கையாள்பவர்' என்று எழுதி வைத்திருக்கிறேன், கொஞ்சம் வறட்டாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.