சூழொலியா, திசையொலியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஒலி நம்மைச் சுற்றிலும் இருந்து வருவதுபோல் கேட்கச் செய்யும் சரவுண்ட் சவுண்ட் என்பதற்குச் சென்ற மடலில் முன்மொழியப்பட்ட 'சூழொலி'யை நான் முற்றாக எதிர்க்கவில்லை. திரையரங்கைப் பற்றி எழுதும்போது அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. 5.1 அமைப்பில் முன்னால் மூன்று, பக்கவாட்டிலோ பின்னாலோ இரண்டு, அடித்தொனிக்கென்று ஒன்று என ஒலிபெருக்கிகள் பார்வையாளரை உண்மையிலேயே சூழ்ந்து நிற்கின்றன. நாம் இப்போது தமிழாக்கிக்கொண்டிருப்பதோ கம்பியில்லா ஹெட்போனின் அமைப்புப் பட்டியல். அங்கே சூழ்ந்து நிற்பது எதுவும் இல்லை. பெரும்பாலும் காதுக்கு ஒன்றாக இரண்டே ஒலிப்பான்கள்தாம். சூழொலிக்குச் சென்ற மடல் சொன்ன காரணம் இது:

> சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் என முக்காலத்துக்கும் பொருந்தும் நல்ல வினைத்தொகை.

இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் 'சூழல்' என்ற சொல் நாள்தோறும் புழங்குவதால், சூழொலி என்றதும் படிப்பவர் மனம் சுற்றுப்புற இரைச்சலுக்கே போகிறது. காது மூடியிருக்கும்போதும் வெளியோசையை உள்ளே விடுகிற ஆம்பியன்ட் வசதி அதே பட்டியலில் இரண்டு வரி கீழே இருப்பதால், இந்தக் குழப்பத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. 'சூழொலி', ஆம்பியன்டுக்கான 'வெளியொலி' என இரண்டையும் ஒரு தாளில் எழுதி, "குக்கர் விசில் கேட்க வேண்டுமானால் எதை அழுத்துவாய்?" என்று என் மனைவியிடம் கேட்டேன். அவர் தயங்காமல் சூழொலியைத் தொட்டார்.

ஹெட்போன் செய்யும் வேலையைப் பார்த்தால் வேறொரு சொல் கிடைக்கிறது. இடப்பக்கத்து ஓசை வலக்காதை அடைய ஏறத்தாழ 0.6 மில்லிநொடி கூடுதலாகப் பிடிக்கும்; வழியில் தலை மறிப்பதால் சற்று மங்கியும் சேரும். முன்னா பின்னா, மேலா கீழா என்பதைச் செவிமடலின் மடிப்புகள் ஓசையில் உண்டாக்கும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு மூளை ஊகிக்கிறது. இந்த வேறுபாடுகளைக் கணித்து இரண்டு தடங்களில் கலந்து ஊட்டுவதே மென்பொருளின் வேலை. சென்ற வாரம் இரவில் படம் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், கதவு கிரீச்சிட்ட காட்சியில் சட்டென்று பின்னால் இருந்த பீரோவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குக் கிடைத்தது சூழல் அன்று, திசை. ஆகவே 'திசையொலி' என்பது என் முன்மொழிவு.

உயரத்திலிருந்து வரும் ஒலிக்கு இச்சொல் போதாது என்று ஒருவர் குறிப்பிட்டிருந்தார். எண்டிசையோடு மேலும் கீழும் சேர்த்துப் பத்துத் திசை எண்ணும் வழக்கு நமக்கு ஏற்கெனவே இருப்பதால் அது தடையாகாது. மேலும், விளையாட்டில் எதிரியின் காலடி எங்கிருந்து வருகிறது என்று தேடுபவருக்கு இச்சொல்லை விளக்கவே வேண்டியதில்லை. பாட்டுக்கு மட்டும் இது முழுதாகப் பொருந்தாதுதான். பெரும்பாலான பாடல்கள் இருதட ஒலியாகவே (ஸ்டீரியோ) கலக்கப்பட்டவை என்பதால், அவற்றைக் கேட்கும்போது இவ்வசதியை இயக்கினால் பாடகர் கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய்விட்டதுபோல் இருக்கிறது. அது சொல்லின் குற்றமன்று.

லேட்டன்சிக்கு வந்த 'மறைநேரம்' எனக்கு உடன்பாடில்லை. அங்கே எதுவும் மறையவில்லை, ஒலி பிந்தி வருகிறது, அவ்வளவே. புளூடூத்தில் இது 100 மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம். படத்தில் காட்சியையும் அதே அளவு பிந்தவிட்டு உதட்டசைவைச் சரிசெய்துவிடலாம். விளையாட்டில் அது முடியாது என்பதால்தான் அதற்கான ஹெட்போன்கள் பலவும் புளூடூத்துக்குப் பதிலாகக் கணினியில் செருகும் தனி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைபரப்பி ஒன்றுடன் வருகின்றன. தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் பேச்சில் உள்ள 'சுணக்கம்' இங்கே அப்படியே பொருந்தும்.

ஹெட்போனுக்குச் சொல்லப்பட்ட 'தலையணி'யைத் தயவுசெய்து கைவிடுவோம். என் கைப்பேசி அதை இருமுறை 'தலையணை' என்று திருத்திவிட்டது. நல்ல சொல் அமையும்வரை ஹெட்போனே இருக்கட்டும்.

மறுப்பு ஏதும் வராவிட்டால், பட்டியலில் 'திசையொலி', 'வெளியொலி', 'ஒலிச் சுணக்கம்' என்ற மூன்றையும் ஞாயிறு மாலை ஏற்றிவிடுகிறேன். திரையரங்கு, வீட்டு ஒலிபெருக்கி பற்றிய உதவிப் பக்கங்களில் 'சூழொலி' அப்படியே இருக்கும்.